அம்மாக்கண்ணுவின் வெள்ளிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை அந்தியில் அம்மாக்கண்ணு மலைத்தண்ணீர் குழாயாகக் கொட்டும் பீலியில் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தாள். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கியதும் கூடையைக் குடியிருப்பு வரிசையான லயத்தின் வாசலில் கவிழ்த்தாள். புருஷன் கம்பளி, தன் கம்பளி, மகள் வீரம்மாவுடையது மூன்றையும் சுருட்டிக்கொண்டு அப்படியே வந்துவிட்டாள். கம்பளி தண்ணீர் குடித்தால் கன்றுக்குட்டிக் கனம் கனக்கும். காலால் மிதிக்க வேண்டும், கல்லில் போட்டு அடிக்க வேண்டும், இன்னொருத்தி மறுமுனையைப் பிடித்துக்கொள்ள முறுக்கிப் பிழிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பீலியில் கால் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை அந்தியில்தான் கூட்டம் இருக்காது. எல்லாரும் கோயிலுக்குப் போயிருப்பார்கள்.

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். அதையே நினைத்துக்கொண்டு லயத்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளிக்கிழமை அந்தியில் பீலிக்கு வந்துவிடுவார்கள்.

"என்னாடி, நீ கோயிலுக்குப் போகல?" என்று லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் காளியாயி கேட்பாள், தன் மடியிலிருந்த அழுக்குத் துணியைக் கல்லில் கொட்டிக்கொண்டே.

"தோ, இத அலசிப் போட்டுட்டுப் போகணும்க்கா. நீங்க?"

"நானும் அலசிப் போட்டுட்டுத்தான்."

அலசிப் போடுவதற்குள் இருட்டிவிடும். மேட்டில் மாரியம்மன் கோயில் விளக்கு பீலியிலிருந்தே தெரியும். அந்தப் பக்கம் திரும்பி ஈரக்கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரவர் காம்பராவுக்குப் போவார்கள். அன்றைய வெள்ளி அத்துடன் முடியும்.

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். ஐம்பத்தேழாம் வருஷம் அம்மாக்கண்ணுவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சாமியில் நம்பிக்கை இல்லாதவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் கருவாட்டு வாடை வராது. விடியுமுன் சாணம் போட்டு மெழுகிவிடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை தேர்த் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பாள். மற்ற வெள்ளிகளில் போகவேண்டும் என்று உண்மையாகவே நினைப்பாள். அப்படி நினைத்த வெள்ளிகளெல்லாம் அவள் மனதில் கோயிலுக்குப் போய்வந்த வெள்ளிகளாகவே பதிந்திருந்தன.

அது அவளுக்கு மட்டும் உள்ள குணம் என்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதற்குத்தான் கூலி. ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்க வேண்டும். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள். பத்து வயதிலிருந்து அப்படி நின்று பழகிய ஒருத்தியிடம் வந்தாயா என்று கேட்டால், வந்தேன் என்பதைத் தவிர வேறு எதுவும் நாக்கில் வராது. அது போதாதென்று மூக்கன் கதை வேறு. நாலாம் காம்பரா மூக்கனிடம் பிரஜாவுரிமை விசாரணையில் இடையில் இந்தியாவுக்குப் போனாயா என்று கேட்டார்கள். அவன் உள்ளபடியே, ஆத்தா செத்துப்போச்சு, போயி ஒன்றரை வருசம் இருந்துட்டு வந்தேன் என்றான். தொடர்ந்து இங்கே இருக்கவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த லயத்தில் யார் எதைக் கேட்டாலும் இடைவெளி இல்லாத பதில்தான் கிடைத்தது.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு மஸ்கெலியாவிலிருந்து ராக்காயி பெண் பார்க்க வந்தாள். அம்மாக்கண்ணுவின் புருஷன் செல்லசாமிக்குத் தூரத்து வகையில் தங்கை முறை. அவள் மகன் அழகுமுத்துவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. மலையில் நனையாத வேலை, அட்டை கடிக்காத வேலை. வீரம்மாவுக்கு இருபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டு இடம் வந்து, பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனதோடு சரி. போன மாசியில் காமன் கூத்துப் பார்க்கப் போன இடத்தில் அவளும் அழகுமுத்துவும் ஒருவரையொருவர் பார்த்திருந்தார்கள். அதிலிருந்து அவள் தினமும் தலைக்கு எண்ணெய் வைத்தாள். கேட்டால், மண்டை காயுது என்றாள். இந்த இடம் தவறக் கூடாது என்று அம்மாக்கண்ணு முடிவு கட்டியிருந்தாள்.

ராக்காயி ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு காம்பராவைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தில் அவள் கண் நின்றது.

"கோயிலுக்கெல்லாம் போவீங்களா மதினி?"

"என்னா மதினி இப்பிடிக் கேக்குறீங்க? வெள்ளி தவறாது. நானும் மகளும்."

செல்லசாமிக்குப் புரையேறியது.

ராக்காயியின் முகம் கொஞ்சம் வாடியது. நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்த அம்மாக்கண்ணு, செவ்வாய்க்கிழமையையும் சேர்த்தாள். ராக்காயி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். அம்மாக்கண்ணு மார்கழி முப்பது நாளையும் சேர்த்தாள்.

"நாங்க மட்டுமா? வெள்ளிக்கெழமன்னா தோட்டமே தெரண்டு வந்துரும். கோயில்ல நிக்க எடம் இருக்காது."

"பொண்ணுமா?" என்றாள் ராக்காயி மெல்ல.

"அவதான் என்னைய இழுத்துக்கிட்டுப் போவா."

வீரம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ராக்காயி பெருமூச்சு விட்டாள். "சரி, வர்ற வெள்ளி நானும் வர்றேன். ஒங்ககூடக் கோயில்ல நின்னு கும்புட்டுட்டு, மனசுக்குப் பட்டா அன்னைக்கே பூ வச்சிடுறேன். பூசாரிகிட்டயும் ஒரு வார்த்த பேசிக்கலாம்."

அவள் போனதும் செல்லசாமி கேட்டார். "மார்கழி முப்பது நாளா? மார்கழி பஜனக் கூட்டம் நம்ம லயத்து வாசல்ல வந்து நின்னப்பவே நீ எந்திரிக்கல."

"கேட்டாங்க, சொன்னேன். பொண்ணு கேட்டு வந்த எடத்துல போறதில்லைன்னா சொல்லச் சொல்றீங்க?"

"போறதில்லைன்னு சொல்ல வேணாம். கொஞ்சம் கொறச்சிச் சொல்லிருக்கலாம்."

"கொறச்சி எவ சொல்லுவா?" என்றாள் அம்மாக்கண்ணு. செல்லசாமிக்கு அப்படி ஒருத்தியும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் அவள் பூசாரி பொன்னையாவைத் தேடிப் போனாள். பொன்னையா நாள் முழுக்கப் பூசாரி அல்ல. நாற்று மேட்டில் தேயிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானத்தோடு வேலையை விட்டுவிட்டுக் கோயிலைத் திறக்கலாம். அதற்குத் தோட்டம் அவருக்கு அரைப்பேர் போடும்.

அம்மாக்கண்ணு விஷயத்தைச் சொன்னாள். பொன்னையா பூவாளியைக் கீழே வைத்தார்.

"அம்மன் சன்னதியில என்னையப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யி என்னாங்க பூசாரியண்ணே? வெள்ளிதோறும் வருவாங்கன்னு ஒரு வார்த்த."

"சித்திரத் தேருக்குப் பெறகு ஒன் மூஞ்சிய நான் பாக்கல."

"நீங்க கோயிலத் தெறந்தாத்தானே பாக்குறதுக்கு? ஆடி மூணாம் வெள்ளி தெறந்தீங்களா? நாலாம் வெள்ளி தெறந்தீங்களா?"

பொன்னையாவின் முகம் மாறியது. இருந்தாலும் விடவில்லை. "தெறக்கலைன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ வந்து பாத்தியா?"

"பீலியிலேருந்து பாத்தேன். ரெண்டு வெள்ளியும் மேட்டுல வெளக்கு எரியல. அம்மனுக்கு உகந்த ஆடியில! அரப்பேரு மட்டும் எரிஞ்சிச்சு."

"பேய் மழ பெஞ்சது," என்றார் பொன்னையா.

"மழதான். எனக்கும் அதே மழதான்."

பொன்னையா பூவாளியை எடுத்துக்கொண்டார். "அந்தம்மா கேட்டா சொல்லிருவோம்," என்றார் கன்றுகளைப் பார்த்தபடி.

பூசாரி விஷயம் முடிந்தது. கூட்டம்தான் பாக்கி. நிற்க இடம் இருக்காது என்று சொல்லியாயிற்று, ராக்காயி வரும்போது கோயிலில் ஐந்தாறு பேர் நின்றால் மானம் போகும். புதன்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் காளியாயியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, வர்ற வெள்ளி கோயிலுக்கு வந்துருங்கக்கா."

காளியாயி சட்டென்று திரும்பினாள். "என்னா சொல்றே? நான் போறதே இல்லைங்குறியா?"

"அய்யோ, இல்லக்கா. வழக்கமா வர்ற மாதிரி வாங்கன்னுதான்..."

"வழக்கமா வர்றவள எதுக்கு வான்னு கூப்புடுறே?"

அம்மாக்கண்ணு கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்து ஒருத்தியிடம் வேறு மாதிரி ஆரம்பித்தாள். அவளுக்கும் கோபம் வந்தது. மூன்றாவது பெண் அவளிடமே, நீ வந்தா என்னைய அங்க பாக்கலாம் என்றாள். கோயிலுக்கு வராதவளைக் கோயிலுக்கு வா என்று கூப்பிடுவதற்கு அந்தத் தோட்டத்தில் வழியே இல்லை என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் அலுத்துப்போய், மஸ்கெலியாக்காரி வீரம்மாவைப் பார்க்க வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறாள் என்று உள்ளதை மட்டும் சொன்னாள். வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குக் கோயில் முன்னால் தேர்க்கூட்டம் நின்றது. பீலியில் தண்ணீர் யாருமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கூரைத்தகரம் போட்ட கோயிலில் நாற்பது பேர் நிற்கலாம். உள்ளே நூறு பேர் நின்றார்கள், வெளியே அதைவிட அதிகம். மத்தியானம் கோயிலைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், கையில் பித்தளைச் செம்புடன் திரும்ப மேடேறி வந்த பொன்னையா கூட்டத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"யாருக்காச்சும் ஏதும் ஆகிப்போச்சா?" என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டார்.

செம்பில் இருந்தது அம்மனுக்குப் படைக்கிற அவித்த கடலை. வழக்கம்போல் வியாழக்கிழமை இரவு ஒரு பிடி ஊறப்போட்டிருந்தார். வருகிறேன் என்று சொன்னவர்களை நம்பிக் கடலை ஊறப்போடுவதை அவர் விட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

ராக்காயி டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு செல்லசாமியோடு வந்து சேர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் முகம் இன்னும் தொங்கிப்போயிற்று. அம்மாக்கண்ணு அவள் கையைப் பிடித்தாள்.

"முன்னுக்கு நெரிசலா இருக்கும் மதினி. பொம்பளைங்க வர்ற வாசல் பின்னுக்கு இருக்கு. நாங்க எப்பவும் அப்பிடித்தான் போவோம்."

சேற்றில் கால் புதைய அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே வாசல் இல்லை. வாசல் இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தது.

"நேத்துதான் அடச்சிருப்பாங்க போலருக்கு," என்றாள் அம்மாக்கண்ணு.

ராக்காயி விரலால் செங்கலைத் தொட்டுப் பார்த்தாள். அதில் பாசி பிடித்திருந்தது. குடைக்கம்பில் ஒட்டிய சேற்றை வழித்துவிட்டு முன்பக்கம் திரும்பி நடந்தாள்.

உள்ளே தூண் ஓரத்தில் காளியாயிக்கும் இன்னொருத்திக்கும் வாய் முற்றியிருந்தது.

"இது நான் நிக்கிற எடம். வாரா வாரம் இந்தத் தூணுலதான் சாஞ்சிருப்பேன்."

"போன வாரம் ஒங்களக் காணமே?"

"நீ வந்திருந்தாத்தானே காண்றதுக்கு?"

"நான் வந்தேன். ஆடி நாலு வெள்ளியும் இதே தூணுலதான் நின்னேன். பூசாரியண்ணனக் கேளுங்க."

மணியை ஆட்டிக்கொண்டிருந்த பொன்னையாவை எல்லாரும் பார்த்தார்கள். ஆடி நாலு வெள்ளியும் என்ற சொல் அவர் காதில் விழுந்திருந்தது. "ஆமா, ஆமா, நின்னா," என்றார் அவசரமாக.

"அப்ப நானு?" என்றாள் காளியாயி.

"நீயுந்தான்."

"ரெண்டு பேரும் ஒரே தூணுலயா?"

"அம்மனுக்கு எல்லாரும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு அவர் மணியைப் பலமாக ஆட்டினார்.

பூசை முடிந்து திருநீறு கொடுக்கும்போது ராக்காயி கேட்டாள். "இந்த மதினியும் பொண்ணும் வாரா வாரம் வருவாங்களா சாமி?"

"வராத வாரமே கெடையாது. மழயில நான் கதவத் தெறக்க முந்தியே வாசல்ல நிப்பாங்க," என்றார் பொன்னையா. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டதால் அம்மாக்கண்ணு பக்கம் ஒரு பார்வையும் பார்த்துக்கொண்டார்.

பிறகு கடலை வந்தது. உள்ளங்கையை நீட்டியவர்களுக்கு ஆளுக்கு ஒரு கடலை விழுந்தது. அதுவும் பாதி வரிசையோடு தீர்ந்தது. மற்றவர்கள் செம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"வாரா வாரம் இம்புட்டுச் சனம் வந்தா, இந்த ஒரு செம்பு எப்பிடிப் பத்தும் சாமி?" என்றாள் ராக்காயி.

பொன்னையா செம்புக்குள் பார்த்தார். "அம்மன் புண்ணியத்துல பத்தும்," என்றார்.

ராக்காயி தன் ஒற்றைக் கடலையை வாயில் போட்டு மென்றாள். அடைத்த வாசலையும் காலிச் செம்பையும் அவள் பார்த்துவிட்டாள் என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்தது. இந்த இடமும் போயிற்று என்று நினைத்தாள். லயத்துக்கு இறங்கி வந்தார்கள்.

காம்பராவில் பாயை விரித்துப் போட்டார்கள். வீரம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றாள். ராக்காயி மடியில் ஒரு இலைப் பொட்டலம் இருந்தது. அட்டன் கடைத்தெருவில் சொல்லி வாங்கிய மல்லிகை என்பது வாசத்திலேயே தெரிந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

"மதினி, இப்ப நாமதான் இருக்கோம். நெசத்தச் சொல்லுங்க. வாரா வாரமா போவீங்க?"

"வெள்ளி தவறாது," என்றாள் அம்மாக்கண்ணு. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"மாசத்துக்கு ரெண்டுன்னு வச்சிக்குவமா?"

"நாலு."

"மழ காலத்துல?"

"மழயிலயும்."

"மேலுக்கு முடியாட்டி?"

"கம்பளியப் போத்திக்கிட்டாவது போயிருவோம்."

ராக்காயி தேத்தண்ணியைப் பாதியில் வைத்தாள். பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த குடைக்குக் கை நீட்டினாள். "சரி மதினி. நான் ஊட்டுல போயி யோசிச்சிச் சொல்லி விடுறேன்."

யோசித்துச் சொல்லி விடுகிறேன் என்று போனவர்கள் இரண்டு பேரும் சொல்லி விடவே இல்லை. அது அந்தக் காம்பராவில் எல்லாருக்கும் தெரியும்.

"நான் இந்த வருசம் மூணு தடவ போயிருக்கேன் அத்த," என்றது அடுப்படியிலிருந்து வீரம்மாவின் குரல். "தேருக்கு ஒண்ணு. பொங்கலுக்கு ஒண்ணு. இன்னைக்கி ஒண்ணு."

"ஏய்!" என்றாள் அம்மாக்கண்ணு.

"அம்மா ரெண்டு தடவ."

"பொங்கலன்னைக்கி இவளுக்குப் பல்லுவலி," என்றார் செல்லசாமி, மனைவிக்குச் சாதகமாக ஏதோ சொல்வதாக நினைத்துக்கொண்டு.

ராக்காயியின் கை குடைக்குப் போகாமல் பாதியில் நின்றது. அப்படியே பாயில் உட்கார்ந்தாள். முதலில் அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்றே அம்மாக்கண்ணு நினைத்தாள். பிறகு சிரிப்பு வெளியே வந்தது.

"மூணா? நெசமாவே மூணுதானா? இத அன்னைக்கே சொல்லித் தொலையிறதுக்கு என்னா மதினி?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ராக்காயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் மூத்த மருமக இருக்காளே, வெள்ளி, செவ்வா, அமாவாச, பௌர்ணமி, கார்த்திக ஒண்ணு விடமாட்டா. மலையிலேருந்து வந்ததும் தலைக்கித் தண்ணி ஊத்திக்கிட்டு அவ கோயிலுக்குப் போயிருவா. நான் பச்ச வெறக வச்சி ஊதிக்கிட்டுக் கெடக்கேன். தண்ணி தூக்குறது நானு, மாவு பெசையிறது நானு. வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்ல முடியுமா? சாமி காரியம். சொன்னா ஊரே என்னையத்தான் காறித் துப்பும்."

"அதுக்கு?" என்றார் செல்லசாமி.

"அதுக்குத்தான் அண்ணே, சின்னவனுக்காவது வீட்டுல இருக்குற பொண்ணாப் பாக்கணும்னு அலையிறேன். கோயிலுக்குப் போகாத பொண்ணு இருந்தா காட்டுங்கன்னு எவகிட்ட கேக்கச் சொல்றீங்க? போவீங்களான்னுதான் கேக்க முடியும். பத்து வீடு ஏறி எறங்கிட்டேன். பத்தும் வெள்ளி தவறாத பொண்ணுங்க. நம்ம பயலுக்கு இந்தப் பொண்ணு மேல மனசு. மதினி என்னடான்னா செவ்வாக்கெழமங்குறாங்க, மார்கழிங்குறாங்க. எனக்கு ரொட்டியே எறங்கல. அந்தச் செம்பப் பாத்த பெறகுதான் உசுரே வந்துச்சு. வந்த உசுரையும் இப்ப, கம்பளியப் போத்திக்கிட்டுப் போவோம்னு சொல்லி வாங்கப் பாத்தாங்க."

பொட்டலத்தைப் பிரித்து, வீரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மல்லிகைச் சரத்தை அவள் தலையில் வைத்தாள். "தேருக்கு மட்டும் தவறாம வந்துரணும்," என்றாள். "இல்லாட்டி நாலு பேரு கேப்பாங்க."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. செல்லசாமி அவளை டிக்கோயா வரைக்கும் கொண்டுபோய் விடக் கிளம்பினார். அவர்கள் லயத்து வளைவைத் தாண்டும்வரை அம்மாக்கண்ணு வாசலில் நின்றாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து காளியாயி எட்டிப் பார்த்து, "என்னாடி, பூ வச்சாச்சா? எல்லாம் நாம வெள்ளி தவறாமக் கும்புட்ட பலன்தான்," என்றாள். அம்மாக்கண்ணு தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

ராக்காயி பாதியில் வைத்த தேத்தண்ணி பாயோரத்தில் ஆறிக்கிடந்தது. அம்மாக்கண்ணு அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். வீரம்மா தலையில் பூவோடு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அவுங்க ரெண்டுன்னு வச்சிக்குவமான்னு கேட்டாங்க. எறங்கி எறங்கி வந்தாங்க. நீ நாலுங்குறே, மழயிலயும்ங்குறே. அவுங்க கொடைய எடுத்துட்டாங்க. நான் வாயத் தெறக்காட்டி இந்நேரம் எல்லாம் போயிருக்கும். இங்க இருந்த நாங்க மூணு பேரும் ஒன்னைய அறிஞ்சவுங்கதானே? யாருக்குப் பயந்து அப்பிடிச் சொன்னே?"

அம்மாக்கண்ணு காலிக் கோப்பையைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றாள். கூரைத் தகரத்தில் இரண்டு துளி விழுந்த சத்தம் கேட்டது. வெளியே விறகு காயப் போட்டிருந்தது. கோப்பையை அடுப்போரம் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளைத் தாண்டி விறகை அள்ள வெளியே போனாள்.